குளிர்நாட்டு மோட்டார் வண்டியும் தெர்மாஸ்டாட்டும்

வெப்பநாட்டில் மோட்டார் வண்டி ஓட்டுவோர்க்கு எஞ்சினைக் குளிரச் செய்வதே பெருங் கவலை. கனடா தேசத்து வின்னிபெக் போன்ற நகரங்களிலோ பனிக்காலத்து உஷ்ணநிலை −30 டிகிரி செல்சியஸுக்குக் கீழும் இறங்குவதுண்டு. ஆங்கு எஞ்சினை வெம்மையாய் வைத்திருப்பதும் அதற்கொத்த கவலையாகும். இவ்விரண்டினையும் நடுநின்று காக்கும் சிறு கருவியே தெர்மாஸ்டாட். குளிர்காலத்திற்கேற்ப அதனைத் தெரிந்தெடுக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள நீர்வழியில் இக்கருவி ஒரு கதவாக அமைந்துள்ளது. இதனுட் சிறு உலோகக் கிண்ணத்தில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். நீர் குறித்த சூட்டை அடைந்ததும் மெழுகு உருகிப் பருத்து, ஒரு தண்டின் வாயிலாகக் கதவைத் திறக்கும். சூடு தணிந்தபின் சுருள்வில் அதனை மூடிவிடும். இம்மெழுகு முறையை 1934இல் கண்டவர் செர்ஜியஸ் வெர்னே என்பார்.

இனி, எஞ்சின் ஏன் வெம்மையாய் இருத்தல் வேண்டும்? 1 லிட்டர் பெட்ரோல் எரியுங்கால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் உண்டாகின்றது. எஞ்சின் சூடாயிருப்பின் அந்நீர் ஆவியாய்ப் புகைக்குழல் வழியே வெளியேறும். குளிர்ந்திருப்பின் அதில் ஒரு பகுதி மசகெண்ணெயுடன் கலந்து சேறாகும். சரிவர ஆவியாகாத பெட்ரோலும் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். ஆதலின் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்து வண்டி ஓட்டுவோர் தம் எஞ்சினின் ஆயுளைத் தாமே குறைப்பவராவர். அன்றியும், முன்கண்ணாடியிற் படியும் உறைபனியை உருக்கும் ஹீட்டரும் இவ்வெந்நீரையே நம்பியிருத்தலின், ஓட்டுநரின் பார்வையும் உயிரும் இதனோடு தொடர்புடையன.

அடுத்து, திறக்கும் சூட்டைப் பற்றிய ஓர் ஐயம். 92 டிகிரியில் திறப்பது 82 டிகிரியில் திறப்பதைவிட எஞ்சினை விரைவிற் சூடேற்றும் எனச் சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. 82 டிகிரி வரையில் இரண்டும் மூடியே இருக்கும். அதன் பின்னரே வேற்றுமை தோன்றும். முற்காலத்தில் நீர் உறையாதிருக்க மீதைல் ஆல்கஹால் கலப்பது வழக்கம். அது 65 டிகிரியிலேயே கொதிப்பதாகலின், ஏறத்தாழ 71 டிகிரியில் திறக்கும் தெர்மாஸ்டாட்டே அதற்கு ஏற்றதாயிருந்தது. 197 டிகிரியிற் கொதிக்கும் எதிலீன் கிளைக்கால் வழக்கில் வந்தபின் அத்தடை நீங்கிற்று. எனவே, திரவத்தையும் எஞ்சினையும் நோக்கியே அவ்வெண்ணைத் தெரிதல் வேண்டும். இக்காலத்து எஞ்சின்களில் எரிபொருளின் அளவைக் கணிப்பொறி நீரின் சூட்டை அறிந்தே வகுத்தலால், வண்டி செய்தோர் குறித்த எண்ணை மாற்றாதிருத்தலே நன்று.

இனி, திருத்தம் செய்தலைக் கூறுவாம். நீர் நிரப்புங்கால் சிக்கிய காற்று வெளியேறுவதற்காகச் சிலர் தெர்மாஸ்டாட்டின் விளிம்பில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையிடுவர். அதனை மேற்புறமாக அமைத்தல் வேண்டும். துளை பெரிதாயினும் பலவாயினும் கதவு மூடியிருக்கும்போதே நீர் ஓடிக் கடுங்குளிரில் எஞ்சின் சூடேறாது. இயல்பாகவே காற்றுவழி உள்ள தெர்மாஸ்டாட்டில் துளையிடுதல் வீண்.

பொருத்துமுன் ஒரு சோதனை செய்க. ஒரு பாத்திரத்து நீரில், அடியைத் தொடாவண்ணம் தெர்மாஸ்டாட்டை நூலிற் கட்டித் தொங்கவிட்டு, உஷ்ணமானியுடன் சூடேற்றுக. எந்தச் சூட்டில் திறக்கின்றது, ஆறியபின் முற்றும் மூடுகின்றதா என்பவற்றைக் காண்க. பொருத்துங்கால் மெழுகுக் கிண்ணம் எஞ்சின் பக்கம் நோக்கியிருத்தல் வேண்டும்.

மேலும் ஒன்று. கதவு மூடியிருக்கையில் வெந்நீர் ரேடியேட்டரை அடையாது. ஆகவே அதிலுள்ள நீர் உறைந்து குழாய்களைப் பிளத்தல் கூடும். நீரும் கிளைக்காலும் சரிபாதியாய்க் கலந்த திரவம் ஏறத்தாழ −37 டிகிரி வரையில் உறையாது. முதலில் இக்கலவையைச் செம்மை செய்து, பின்னரே தெர்மாஸ்டாட்டைக் கருதுக. அக்கருவி வெப்பத்தை உண்டாக்குவதன்று. எஞ்சின் ஈட்டிய வெப்பத்தை வீணாகாது காப்பதே அதன் தொழில்.