1/25 அளவில் ஒரு டிராக் பந்தயக் கார்

கேள்வி: 1960களின் டிராக் பந்தயக் காரை மாதிரியாகச் செய்ய எவற்றைக் கவனிக்க வேண்டும்? – வாசகர், ஈப்போ

பதில்: டிராக் பந்தயம் என்பது நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர், நேராகப் பாய்வது. 1960களில் அமெரிக்கர்கள் போர்ட் ஆங்கிலியா என்ற சிறிய பிரிட்டிஷ் காரில் பெரிய வி8 இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டினார்கள். அந்த ஆங்கிலியா மலாயா சாலைகளிலும் ஓடியதால், பேராக்கில் மாதிரி செய்பவருக்கு அது நல்ல தேர்வு. அதன் 2286 மில்லிமீட்டர் சக்கர இடைவெளி 1/25 அளவில் ஏறக்குறைய 91 மில்லிமீட்டர் ஆகும்.

இத்தகைய பந்தயக் கார்களின் முன்பக்கம் தூக்கி நிற்பது அலங்காரம் அல்ல. புறப்படும் கணத்தில் எடை பின்சக்கரங்களுக்கு மாறி, டயர் தரையைப் பற்றுவதற்கான ஏற்பாடு அது. இந்தச் சாய்வு தவறினால் மாதிரியின் உயிரே போய்விடும்; பசை போடுமுன் சக்கரங்களைப் பொருத்திப் பார்ப்பது அவசியம்.

ஈப்போவில் பெரிய எதிரி ஈரப்பதம். மழைநேரத்தில் லேக்கர் சாயம் தெளித்தால் நீராவி படிந்து பூச்சு வெளுத்துவிடும். வெயில் காயும் நண்பகலில் மெல்லிய பூச்சுகளாகத் தெளிப்பதே சரி.

ரப்பர் தோட்ட மண்ணில் இருப்போர் அறிய வேண்டியது, மாதிரிக் கார் பெட்டியில் வரும் டயர் பெரும்பாலும் ரப்பர் அல்ல, மென்மையான வினைல். அதிலுள்ள மென்மையூட்டி காலப்போக்கில் பிளாஸ்டிக் சக்கரத்தைக் கரைத்துவிடும். சக்கர விளிம்பில் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றி இதைத் தடுக்கலாம். இயந்திரத்தின் 8 பிளக் கம்பிகளுக்கு மெல்லிய செப்புக் கம்பி போதும்.