குருதிப் புற்றுநோயும் மூளையும் – டொனல்ட் பிங்கெலின் ஆய்வு

மாணவர்களே, வெண்குருதிக் கலங்கள் நோய்க்கிருமிகளிலிருந்து உடலைப் பாதுகாக்கின்றன என நீங்கள் கற்றுள்ளீர்கள். ஆயின் குருதிப் புற்றுநோய் (லியூக்கேமியா) உள்ளவரில் வெண்குருதிக் கலங்கள் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டும் அவர் எளிதில் தொற்றுக்கு உள்ளாவது ஏன்? அக்கலங்கள் முதிர்ச்சியடையாதவை. அவை என்பு மச்சையில் கட்டுப்பாடின்றிப் பிரிந்து இடத்தை நிரப்பிவிடுவதால் செங்குருதிக் கலங்களும் குருதிச் சிறுதட்டுக்களும் போதியளவு உருவாவதில்லை. குருதிச்சோகை, இரத்தக்கசிவு, தொற்று ஆகிய மூன்றும் இதனாலேயே ஏற்படுகின்றன. பரீட்சையில் மாணவர் பலர் தவறவிடும் இடம் இது.

சிறுவரில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 1960களின் தொடக்கத்தில் இந்நோய்க்கு உள்ளான சிறுவருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே உயிர் தப்பினர். 1962இல் ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சென்ட் ஜூட் சிறுவர் ஆராய்ச்சி வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் டொனல்ட் பிங்கெல் (1926–2022). இந்நோயைக் குணப்படுத்தவே முடியாது எனப் பெரும்பாலான வைத்தியர்கள் கருதிய காலத்தில் அவர் இப்பணியை ஏற்றார்.

அப்போதும் மருந்துகள் இருந்தன. மெதோட்ரெக்சேற் என்பது போலிக் அமிலத்தின் தொழிலைத் தடுத்து, டீ.என்.ஏ. உருவாவதை நிறுத்துகிறது. வின்கிறிஸ்ரின் இழையுருப்பிரிவின்போது கதிர் உருவாவதைத் தடுக்கிறது. (இது நம் வீட்டு முற்றங்களிலும் பூக்கும் பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்பட்டது.) இம்மருந்துகளால் குருதியிலிருந்து நோய்க்கலங்கள் மறைந்தன, பிள்ளைகள் எழுந்து விளையாடினர். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. பலரில் அது முதலில் வெளிப்பட்ட இடம் மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள மென்சவ்வுகளாகும்.

காரணம் என்ன? மூளையிலுள்ள குருதி மயிர்த்துளைக்குழாய்களின் சுவர்க்கலங்கள் மிக நெருக்கமாகப் பொருந்தியுள்ளன. ஒட்சிசனும் குளுக்கோசும் செல்லும்; பல மருந்துகள் செல்லா. இது குருதி–மூளைத் தடை எனப்படும். நச்சுப்பொருள்களிலிருந்து மூளையைக் காக்கும் இத்தடையே புற்றுநோய்க் கலங்களுக்கும் புகலிடம் அளித்தது.

எனவே பிங்கெல், நோய் அங்கு தோன்றும் வரை காத்திராது முன்னரே தாக்க முடிவு செய்தார். பல மருந்துகளைச் சேர்த்து வழங்கியதுடன், மெதோட்ரெக்சேற்றை மூளைய முண்ணாண் பாய்பொருளினுள் நேரடியாக ஊசிமூலம் செலுத்தினார். தலைக்கு 24 கிரே அளவு கதிர்வீச்சும் கொடுத்தார். அவருடைய முந்திய ஆய்வுகளில் குறைந்த அளவு கதிர்வீச்சு பயன் தரவில்லை என்பதையும் கவனியுங்கள். 1967இன் இறுதியில் தொடங்கிய ஐந்தாம் ஆய்வில் 35 சிறுவர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினர் நீண்டகாலம் உயிர் வாழ்ந்தனர். நூற்றுக்கு நான்கு என்ற நிலை, இரண்டில் ஒன்று என மாறியது.

ஆனால் அதற்கொரு விலை இருந்தது. வளரும் மூளைக்குக் கொடுத்த கதிர்வீச்சு சிலரின் கற்றல் ஆற்றலையும் உடல் வளர்ச்சியையும் பாதித்தது. டீ.என்.ஏ.க்கு ஏற்பட்ட சேதத்தால், குணமடைந்த சிலருக்குப் பல ஆண்டுகளின் பின் மூளைக்கட்டிகளும் தோன்றின. இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்க: மென்சவ்வுக்குப் பரவிய லியூக்கேமியா, குருதிக்கலங்களாலானது; பின்னர் தோன்றிய இக்கட்டிகளோ மூளையின் அல்லது மென்சவ்வின் சொந்தக் கலங்களிலிருந்து எழுந்தவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இதனால் அதே வைத்தியசாலையில் சிங்-ஹோன் புய் தலைமையிலான குழுவினர், 2000 முதல் 2007 வரை 498 சிறுவருக்குத் தலைக் கதிர்வீச்சை முற்றாக விலக்கிச் சிகிச்சையளித்தனர். நோயின் எச்சத்தை அடிக்கடி அளந்து மருந்தின் செறிவைத் தீர்மானித்தனர். முண்ணாண் பாய்பொருளினுள் மருந்து செலுத்துவதைத் தொடர்ந்தனர். 2009இல் வெளியான முடிவின்படி ஐந்தாண்டு உயிர்வாழ்வு 93.5 சதவீதம். பிங்கெலின் கதிர்வீச்சு கைவிடப்பட்டது. புகலிடத்தை முன்கூட்டியே தாக்கவேண்டும் என்ற அவருடைய எண்ணம் கைவிடப்படவில்லை.

பயிற்சி வினா
(அ) லியூக்கேமியா நோயாளிக்குக் குருதிச்சோகை ஏற்படுவது ஏன்?
(ஆ) மெதோட்ரெக்சேற்றைக் கை நாளத்தினூடாக மட்டும் ஏற்றுவது போதாமைக்குக் காரணம் தருக.
(இ) மூளைக்கட்டியை உண்டாக்கக்கூடிய சிகிச்சை எனப் பின்னர் அறியப்பட்டதை 1967இல் பயன்படுத்தியது நியாயமா? அக்கால உயிர்வாழ்வு வீதத்தைக் குறிப்பிட்டு விடை எழுதுக. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற சொல்லுக்கன்று, நீங்கள் காட்டும் காரணத்துக்கே புள்ளி.