திரி எங்கே ஒட்டுது? அந்தாதி மாரத்தான்: ஒரு பாடம்

போன இதழ்ல தளை, தொடைன்னு எழுதினதுக்கு "தூக்கம் வருது"ன்னு நிறைய பேர் சொன்னீங்க. அதனால இந்தத் தடவை இலக்கணத்தை ஒரு ராத்திரிக் கதையோட சேர்த்துச் சொல்றேன். பாடம்: அந்தாதி.

அந்தம் + ஆதி = அந்தாதி. ஒரு பாட்டு எதில் முடியுதோ, அதுலயே அடுத்த பாட்டு தொடங்கணும். முடிகிற எழுத்தாக இருக்கலாம், அசையாக, சீராக, முழு அடியாகவும் இருக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களுக்கு ஒரே வார்த்தையில் சொன்னா, லிங்க்டு லிஸ்ட். கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்துக்கே திரும்பி வந்தா அதுக்கு மண்டலித்தல்னு பேர். உங்க கணக்குல சர்க்குலர் லிஸ்ட். அபிராமி அந்தாதி அப்படித்தான் 100 பாட்டில் சுற்றி வந்து நிற்குது. கீழே நெருப்பு, மேலே 100 கயிற்றில் தொங்கும் பலகை, பாட்டுக்கு ஒரு கயிறு அறுபடும், 79-ஆவது பாட்டில் நிலா தெரியும் என்று அபிராமி பட்டர் கதை சொல்வாங்க. அது தனி ஆள் மாரத்தான்.

நாங்க செஞ்சது கூட்டு மாரத்தான். எங்க தமிழ் மன்றத்தில் 20 பேர், சனிக்கிழமை சாயங்காலம் 6 மணியிலிருந்து ஞாயிறு காலை 6 வரை. 720 நிமிஷம், 100 பாட்டு, ஒரு பாட்டுக்கு 7 நிமிஷம் சொச்சம். நாலு வரி, புதுக்கவிதைதான், யாப்பு கட்டாயமில்லை. ஒரே விதி: முன்னாடி உள்ளவர் முடிச்ச சொல்லில் நீ தொடங்கணும். வட்டமா உட்கார்ந்தோம், சீட்டுக் குலுக்கி வரிசை போட்டோம்.

முதல் 30 பாட்டு சுமார் ரகம். உண்மையைச் சொல்லிடுறேன், பாதிப் பேர் போன்ல ஏற்கெனவே எழுதி வச்சிருந்தாங்க, நானும்தான். வந்த சொல்லை முன்னாடி ஒட்டிட்டு, பின்னாடி சொந்தச் சரக்கை இறக்க வேண்டியது. எட்டு நிலா, அஞ்சு மழை வந்துச்சு.

38-ஆவது பாட்டு, ரெண்டாம் வருஷத் தங்கச்சி ஒருத்தி. திருத்தங்கல் பக்கம் ஊர். (அவகிட்ட கேட்டுட்டுத்தான் இங்கே போடுறேன்.)

விரல் நுனியில் வெள்ளிப் பொடி ஒட்டும்
சோத்துல கலக்கும்னு கரண்டியில ஊட்டுவா அம்மா
ஏழாம் கிளாஸ் வரைக்கும் என் ஃபீஸ்
அந்தக் கை பின்னிய திரி

சிவகாசிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரங்களுக்கு: சரவெடியில ஒவ்வொரு சின்ன வெடியின் திரியும் நடுவில் ஓடும் திரியோடு சேர்த்துக் கையால பின்னப்படும். பின்னின கணக்குக்குத்தான் கூலி.

அடுத்து நான். "திரி"யில் தொடங்கணும். என்கிட்ட மெஸ் பத்தி ஒரு காமெடி ரெடியா இருந்துச்சு. "திரிஞ்ச பாலில் போட்ட டீ"ன்னு ஆரம்பிச்சேன். அறையே சிரிச்சது. விதிப்படி தப்பே இல்லை, எழுத்து அப்படியே பொருந்துது. அவ மட்டும் சிரிக்கல. டீ குடிக்க எழுந்தப்போ பக்கத்துல வந்து சொன்னா: "அண்ணா, என் திரி வேற, உங்க திரி வேற."

அவ்வளவுதான் சொன்னா. எனக்கு டீ இறங்கல.

இங்கே கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும், ஏன்னா நான் எங்கே தப்பு பண்ணேன்னு அங்கே இருக்கு. திருக்கோவலூர், மழை ராத்திரி, ஒரு சின்ன இடைகழி. ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உட்காரலாம், மூணு பேர் நிற்கலாம். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூணு பேரும் அங்கே நின்னாங்க. நாலாவதா யாரோ நெருக்குறது தெரிஞ்சு, யாருன்னு பார்க்க விளக்கு ஏத்தினாங்கன்னு வைணவ மரபு சொல்லுது. பொய்கையார் உலகத்தையே அகலாக்கி, கடலை நெய்யாக்கி, சூரியனைச் சுடராக்கினார். பூதத்தார் அன்பை அகலாக்கி, ஆர்வத்தை நெய்யாக்கி, சிந்தையைத் திரியாக்கினார். பேயார் விளக்கே ஏத்தல, கண்டேன்னு ஆரம்பிச்சார்.

ஆளுக்கு 100 வெண்பா பாடினாங்க, மூணுமே அந்தாதி. ஆனா கவனிங்க: சொல்லால் தொடுக்கிறது ஒவ்வொருத்தர் நூலுக்கு உள்ளேதான். ஒருத்தர் நூலிலிருந்து அடுத்தவர் நூலுக்குப் போகும்போது கயிறு சொல் இல்லை, விளக்கு. முன்னவர் ஏத்தின வெளிச்சத்தைப் பார்த்துட்டு அடுத்தவர் பேசுறார். நான் பண்ணது இதுக்கு நேர் எதிர். சொல்லைப் பிடிச்சேன், அவளை விட்டுட்டேன்.

ஜப்பான்ல இதே மாதிரி ஒண்ணு இருக்கு, ரெங்கா. 1488-ல் மினாசேங்கிற இடத்துல சோகி, ஷோஹாகு, சோச்சோன்னு மூணு கவிஞர்கள் சேர்ந்து 100 கண்ணி கட்டினாங்க. அங்கேயும் மூணு பேர், அங்கேயும் 100! அவங்க விதி நம்மளதைவிடக் கறார்: உன் பாட்டு முந்தின பாட்டோட ஒட்டணும், ஆனா அதுக்கும் முந்தினதை விட்டு விலகணும். அதனாலதான் ஒரே சோகத்துலயோ ஒரே நிலாவிலயோ கூட்டம் மாட்டிக்கிறதில்லை. இன்னொரு பக்கம் இஹாரா சைக்காகு. 1684-ல் ஒரே பகல் ஒரே ராத்திரியில் தனியா 23,500 பாட்டு சொன்னார். வகுத்துப் பாருங்க, பாட்டுக்கு 4 செகண்ட்கூட இல்லை. எழுத உட்கார்ந்தவங்களால ஈடுகொடுக்க முடியாம வெறும் கோடு போட்டு எண்ணினாங்களாம். சாதனைதான், மறுக்கல. ஆனா எனக்கு அந்த வேகம் வேண்டாம். 7 நிமிஷமே பத்தல.

ராத்திரி ஒண்ணரை மணிக்கு வரிசை மறுபடி சுத்தி வந்துச்சு. 58, அவ:

சரம் வேண்டாம்னு கோர்ட் சொன்ன வருஷம்
அம்மா கை காலண்டர் அட்டைக்கு மாறிச்சு
கிழிக்கிற ஒவ்வொரு தாளும்
யார் வீட்டு நாள்

சுப்ரீம் கோர்ட் 2018-ல் போட்ட உத்தரவில், கோத்த சரவெடியைத் தயாரிக்க, விற்க, வெடிக்கத் தடை வந்தது. புகை, சத்தம், குப்பைன்னு காரணம் சொன்னாங்க. அது சரியா தப்பான்னு எங்க ஹாஸ்டல்ல வருஷா வருஷம் தீபாவளிக்குச் சண்டை நடக்கும், இங்கே வேண்டாம்.

இந்தத் தடவை நான் போனைக் கவுத்து வச்சுட்டேன். அவ வாசிச்சதும், "இன்னொரு தடவை வாசி"ன்னு கேட்டேன். நாலு நிமிஷம் ஒண்ணும் எழுதல. அப்புறம்:

நாள் முழுக்க எண்ணின கை
தூக்கத்துலயும் எண்ணும்
எங்க அப்பா கண்டக்டர்
விரல் இடுக்கில் சில்லறை

அப்பா வேலையைப் பத்தி அதுவரைக்கும் நான் ஒரு வரி எழுதினதில்லை. எழுதணும்னு தோணினதும் இல்லை. அவ "நாள்"னு நிறுத்தலைன்னா வந்திருக்காது. கவிதை பெரிசில்லை, எனக்குத் தெரியும்; ஆனா அடுத்தவன் "சில்லறை"யை வாங்கிட்டு அவங்க பாட்டி பெட்டிக்கடைக்குப் போனான். அங்கிருந்து ஒரு 15 பாட்டு யாரும் போனைத் தொடல.

ஒரு டெக்னிக்கல் விஷயம். சரவெடியில ஒரு வெடி நமுத்துப் போனாலும் நடுத்திரி ஓடிக்கிட்டே இருக்கும், மத்தது வெடிக்கும். பஸ் டோபாலஜி மாதிரி. அந்தாதிக்கு நடுத்திரி கிடையாது. ஒரு ஆள் நமுத்தா அதுக்குப் பின்னாடி உள்ளவனுக்கு வெறும் சொல்தான் கிடைக்கும், நெருப்பு கிடைக்காது. 38-க்கு அப்புறம் ஒரு பத்துப் பாட்டு மெஸ்லயே சுத்தினதுக்கு நான்தான் காரணம்.

உங்க காலேஜ்ல நடத்தணும்னா: போனை ஒரு பெட்டியில் வாங்கி வைங்க. ஒவ்வொரு பாட்டையும் ரெண்டு தடவை வாசிக்கணும், ரெண்டாவது தடவை அடுத்து எழுதப் போறவர் வாசிக்கணும். இது ரொம்ப முக்கியம், அடுத்தவர் சொல்லை உங்க வாயால சொன்னா கிண்டல் பண்ணக் கொஞ்சம் தயங்குவீங்க. எழுதி வைக்கத் தனி ஆள் போடுங்க, அவரும் பாட்டு எழுத வேண்டாம். 12 மணி நேரத்துக்கு 100-ன்னு எங்களை மாதிரிக் கணக்குப் போடாதீங்க, 70 போதும்.

நாங்க 91-ல் நின்னுட்டோம். மண்டலிக்கல. கடைசிச் சொல் "செருப்பு". அடுத்த செமஸ்டர் முதல் சனிக்கிழமை அங்கிருந்தே எடுக்கிறோம். 92-ஆவது ஆள் யாருன்னு வரிசை நோட்டைப் பார்த்தேன், நம்ம ஆசிரியர் குழுத் தலைவர். அண்ணே, போனைக் கொண்டு வராதீங்க.