மாடு மேய்ப்பவர் காட்டுக்குப் பகையா?

நம்பிக்கை: வறண்ட நிலத்துக் காடுகளை அழிப்பவர்கள் மாடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டுபவர்களும்தான்.

உண்மை: தான்சானியாவின் ஷின்யாங்கா வட்டாரத்தில் காட்டை வெட்டச் சொன்னதே அரசாங்கம். மாடுகளுக்கு நோய் பரப்பும் செட்சி ஈயை ஒழிக்க, பிரிட்டிஷ் ஆட்சியில் காட்டை வளைத்து வெட்டினார்கள். மிச்சத்தில் ஒரு பங்கைப் பருத்தி விழுங்கியது. 1970களில் சிதறிக் கிடந்த குடிகளைப் பெரிய கிராமங்களுக்கு இடம்மாற்றியபோது, அங்கு வாழும் சுகுமா மக்கள் காத்துவந்த மேய்ச்சல் ஒதுக்குகள் பலவும் கைவிடப்பட்டன.

அந்த ஒதுக்குக்கு ‘ங்கிடிலி’ என்று பெயர். மழை தொடங்கியதும் ஒரு துண்டு நிலத்தை அடைத்துவிடுவார்கள். மாட்டை உள்ளே விடமாட்டார்கள். வெளியில் புல் தீர்ந்து கோடை முற்றிய பிறகு பகுதி பகுதியாகத் திறப்பார்கள். புல்லோடு மரமும் தழைக்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் யார்? மாடு மேய்ப்பவர்கள்தான்.

நம்பிக்கை: கன்று நட்டால்தான் காடு வரும்.

உண்மை: ஷின்யாங்காவில் 1986இல் தொடங்கிய ‘ஹாஷி’ மண்வளப் பாதுகாப்புத் திட்டமும் முதலில் நாற்றங்காலைத்தான் நம்பியது. ஆனால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் உயிரோடுதான் கிடந்தன. அடைத்துப் போட்ட இடங்களில் அகேசியா தானே துளிர்த்தது. (நடுவிழாப் படம் எடுக்க முடியாது என்பது மட்டும்தான் இதில் குறை.) திட்டம் தொடங்கியபோது சுமார் 600 ஹெக்டேராக இருந்த ஒதுக்கு, 2000களின் தொடக்கத்தில் 800க்கு மேற்பட்ட கிராமங்களில் 3 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது.

நம்பிக்கை: கெடுபிடி இருந்தால்தான் காடு மிஞ்சும்.

உண்மை: கெடுபிடி இருந்தது, அது ஊருடையது. காவலுக்கு ‘சுங்குசுங்கு’ எனும் ஊர்க்காவல் படை, மீறியவரை விசாரிக்க ‘தாகாஷிடா’ எனும் ஊர்ச்சபை. அரசு செய்த பெரிய காரியம் வேறு: 1999 கிராம நிலச் சட்டமும் 2002 வனச் சட்டமும் கிராமம் தன் காட்டைத் தானே நிர்வகிக்க வழி திறந்தன. நாளை இன்னொருவர் வந்து பிடுங்கமாட்டார் என்று தெரிந்தால்தான் எவரும் இன்று புல்லை விட்டுவைப்பார். புல், விறகு, கம்பு, தேன், மூலிகை எல்லாம் சேர்த்து ஒதுக்கின் பயன் தலைக்கு மாதம் 14 டாலர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அன்றைய தான்சானியக் கிராமத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவைவிட இது அதிகம்.

நம்பிக்கை: அப்படியானால் பலன் எல்லாருக்கும் சமம்.

உண்மை: இல்லை. ஊர் ஒதுக்கோடு குடும்ப ஒதுக்குகளும் உண்டு. நிலமும் மந்தையும் உள்ள வீட்டுக்கே பெரிய ஒதுக்கு அமையும். நிலமில்லாதவருக்கு ஊர் ஒதுக்கே கதி. அதையும் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தால் நிலமில்லாதவர் விறகுக்கு எங்கே போவார்?