குழந்தைக்கு அப்பா தர வேண்டிய பணம்

தாராவி. விடியற்காலை நான்கு மணி. சந்து முழுவதும் இட்லி ஆவி.

அங்கே இட்லி அவித்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு பெண். இரண்டு குழந்தைகள். கணவன் பிரிந்து செம்பூரில் இருக்கிறான். முதலில் மாதம் 3,000 ரூபாய் கொடுத்தான். பிறகு நிறுத்திவிட்டான். கேட்கப் போனாள்.

“உனக்குத்தான் சர்க்கார் மாசம் 1,500 தருதே. நான் எதுக்குத் தரணும்?” என்றான்.

அவளுக்குப் பதில் தெரியவில்லை. குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் சொல்லி அழுதாள்.

“ஏட்டி, அந்தப் பணம் யாரு பேருக்கு வருது?”

“என் பேருக்குத்தான் பெரியம்மா.”

“அப்போ அவன் கடன் எப்படி அடைஞ்சிச்சு?”

பெரியம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் அவர் கேட்டது சரியான கேள்வி.

மகாராஷ்டிர அரசு 2024 ஜூலையில் ‘லாட்கி பஹிண்’ திட்டத்தைத் தொடங்கியது. கணவன் கைவிட்ட பெண்களும் அதில் சேரலாம் என்றது. அது அரசு செய்யும் உதவி. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவது அப்பாவின் கடமை. ஒன்று வந்தால் மற்றொன்று போய்விடாது. அரசு உதவியைக் கழித்துக்கொண்டு ஜீவனாம்சம் கொடு என்று நம் ஜீவனாம்சச் சட்டம் சொல்லவில்லை.

சில நாடுகளில் வேறு மாதிரி. ஜெர்மனியில் அரசு தரும் குழந்தைப் பணத்தில் பாதியைக் கழித்துக்கொண்டு அப்பா மீதியைத் தரலாம். சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறார்கள். அங்கே அந்தப் பணம் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. இங்கே அப்படி இல்லையே!

நம் சட்டத்தை முன்பு ‘125’ என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 144-ஆம் பிரிவு. முன்பு மாதம் 500 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. 2001-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். குழந்தைக்கு என்ன தேவை, அப்பாவால் எவ்வளவு முடியும் என்று நீதிமன்றம் பார்க்கும். அம்மா கொஞ்சம் சம்பாதிக்கிறாள் என்பதற்காக அவளுடைய ஜீவனாம்சத்தை மறுக்கக் கூடாது. சுனிதா கச்வாஹா வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது.

ஆனால் எதையும் மறைக்க வேண்டாம். 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முறை வகுத்தது. கணவன், மனைவி இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். இட்லி வருமானத்தையும் எழுதுங்கள். அரசுப் பணத்தையும் எழுதுங்கள். அவனும் தன் சம்பளத்தை எழுதியாக வேண்டும். மனுப் போட்ட நாளிலிருந்தே பணம் கணக்காகும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அதனால் நாளைக் கடத்த வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஜீவனாம்சம் அரசுப் பணத்தைப் பாதிக்கலாம். ‘சஞ்சய் காந்தி நிராதார்’ திட்டத்தில் விவாகரத்தான பெண்களுக்கும் உதவி உண்டு. 2023-இல் அது மாதம் 1,500 ரூபாய் ஆனது. ஆனால் ஜீவனாம்சம் கிடைக்காதவர்களுக்கும், திட்டத்தின் வருமான வரம்புக்குக் குறைவாகக் கிடைப்பவர்களுக்கும்தான் அது. மராத்திப் படிவத்தில் ‘போட்கி’ என்று இருக்கும். அதுதான் ஜீவனாம்சம். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படியுங்கள். இந்த 1,500 வாங்குபவருக்கு லாட்கி பஹிண் பணம் கிடையாது.

தாராவிப் பெண் மனுப் போடச் செம்பூருக்கு அலைய வேண்டாம். மனைவி குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். மும்பையில் குடும்ப நீதிமன்றம் பாந்த்ரா – குர்லா வளாகத்தில் இருக்கிறது. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள், முடிந்தவரை, அதை முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். பெண்ணுக்கும் குழந்தைக்கும் வக்கீல் இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. தொலைபேசி எண் 15100.

உத்தரவு வந்தும் கொடுக்காவிட்டால்? பாக்கி ஒரு வருடம் தாண்டுவதற்குள் திரும்ப மனுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை அவனைச் சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி பாக்கிதான்.

எழுதிப் பழகுங்கள்:

“என் கணவர் ______ மாதம் முதல் குழந்தைகளுக்குப் பணம் தரவில்லை. என் மாத வருமானம் ______ ரூபாய். அரசு உதவி ______ ரூபாய். குழந்தைகளின் மாதச் செலவு ______ ரூபாய்.”