கார்செட்டுக்குள் இருந்தது எலும்பு அல்ல

நம்பிக்கை: இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளுடுப்பான பழைய கார்செட்டுகளில் திமிங்கில எலும்பை வைத்துத் தைத்தார்கள்.

உண்மை: எலும்பை மெல்லிய பட்டையாகச் சீவினால் வளையாது, முறியும். ஐரோப்பியத் தையற்காரர்கள் வைத்தது பலீன். பல் இல்லாத திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து வரிசையாகத் தொங்கி, கடல்நீரை வடித்து இரையை நிறுத்திக்கொள்ளும் தகடுகள் இவை. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் இதிலும் இருக்கிறது. வில்தலைத் திமிங்கிலத்தின் தகடு 4 மீட்டர் வரை நீளும். நார்ப்போக்கில் பிளந்தால் சீரான பட்டையாக வரும். சூடுகாட்டினால் இளகும், வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அந்த வளைவிலேயே நிற்கும். அணிந்தவரின் உடல்சூட்டிலேயே நாளடைவில் அவருடைய வடிவத்துக்குப் படியும். இத்தனை குணமும் சேர்ந்த வேறு பொருள் அன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1603-ல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியின் இறுதி ஊர்வலப் பாவைக்கு அணிவித்த உள்ளுடுப்பு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது, அதிலும் பலீன்தான். வசதி குறைந்தவர்களுக்கு உலர்ந்த நாணல் தண்டுகள்.

நம்பிக்கை: இரும்பால் உடலை நசுக்கவே அந்த உடுப்பைச் செய்தார்கள்.

உண்மை: கார்செட்டின் முன்னோடியான 18-ஆம் நூற்றாண்டு ‘ஸ்டேஸ்’ ஒன்றின் உட்புறத்தைப் பாருங்கள். லினன் துணி அடுக்குகளைச் சேர்த்து, சில மில்லிமீட்டர் இடைவெளியில் கையால் ஓட்டிய தையல் வரிகள். இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு பட்டை. இழுவையைத் தாங்குவது துணியும் தையலும்தான். துணி மடிந்து சுருளாமல் நிமிர்த்திப் பிடிப்பதே பட்டையின் வேலை. அப்படி நிமிர்ந்து நின்றால்தான் மார்புக்குத் தாங்கல் கிடைக்கும், கனத்த பாவாடைகளின் நாடா இடுப்பை அறுக்காது. கயிறு கோக்கும் துளைகளைக்கூட நூலால் சுற்றித்தான் தைத்தார்கள். உலோக வளையங்கள் 19-ஆம் நூற்றாண்டில் வந்தவை.

இரும்பு உடுப்பு இல்லாமல் இல்லை. வளைந்த முதுகுத்தண்டை நிமிர்த்தும் மருத்துவக் கருவியாக அதைப் பற்றி எழுதியிருக்கிறார் 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே.

நம்பிக்கை: இடுப்பு சிறுக்க விலா எலும்பை வெட்டி எடுத்தார்கள்.

உண்மை: அதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. கிருமிநீக்க அறுவை முறையை அறுவை மருத்துவர் லிஸ்டர் வெளியிட்டதே 1867-ல்தான்; அதற்கு முன் இப்படியோர் அறுவை உயிருக்கே ஆபத்து.

நம்பிக்கை: எஃகு உயர்ந்தது என்பதால் பலீனைக் கைவிட்டார்கள்.

உண்மை: திமிங்கிலங்களை வேட்டையாடித் தீர்த்ததில் பலீன் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. உண்மையான கொடுமையைத் தேடுபவர்கள் இங்கேதான் பார்க்க வேண்டும். விலையால்தான் எஃகுக்கு மாறினார்கள்; ஆனால் எஃகு துருப்பிடித்துத் துணியைக் கறையாக்கும். சூடுகாட்டி உடலுக்கேற்ப இணக்கவும் முடியாது. ஆகவே மாற்றுப் பொருளுக்கான தேடல் தொடர்ந்தது. 1883-ல் மிச்சிகனில் எட்வர்ட் வாரன், பறவை இறகின் தண்டைக் கீறி, நூல் சுற்றி ‘ஃபெதர்போன்’ செய்தார். பக்கவாட்டிலும் வளையும் சுருள் எஃகுக் கம்பியை ஸ்பைரெல்லா நிறுவனம் 1904-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.