வரைவைப் படித்தறிதல்

நொச்சிக்குப்பத்தில் எம் தோழர் ஒருவரின் தமையனார், கரையேறும் மீனை வீடுகளுக்கு அனுப்பி விற்கும் சிறு கம்பெனி ஒன்றை நிறுவினார். ஒரு முதலீட்டாளர் பணம் இட முன்வந்து, ஒப்பந்த வரைவை அனுப்பினார். தமையனார் எம்மை நோக்கி, "தம்பி, தமிழ் ஆனர்ஸ் படிக்கிறாயே, இதற்குப் பொருள் சொல்" என்றார். செய்யுட்குப் பதவுரை காணும் எமக்கும் அஃது எளிதில் விளங்கவில்லை. பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் வருவது 'டெர்ம் ஷீட்' என்னும் நிபந்தனைக் குறிப்பு. செய்தியை மறைவாகக் காத்தல், குறித்த காலம்வரை பிறரோடு பேரம் பேசாதிருத்தல் முதலிய சில நீங்கலாக, அது பெரும்பாலும் சட்டத்தாற் கட்டுப்படுத்துவதன்று. ஆயினும், பின்வரும் பங்குதாரர் ஒப்பந்தம் அதனைத் தழுவியே எழுதப்படுமாதலின், வாதிக்க வேண்டுவனவற்றை அப்பொழுதே வாதித்தல் நன்று.

அடுத்தது 'கலைப்பு முன்னுரிமை'. இதனைக் குப்பத்து வழக்கங் கொண்டே விளக்கலாம். மீன் விற்ற பணத்தில் எரிபொருட் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் உரிய பங்கை ஒதுக்கிய பின்னரே கடலுக்குச் சென்றோர் தம்முள் பகிர்ந்துகொள்வர். கம்பெனி விலைபோகுங்கால் முதலீட்டாளரும் அவ்வாறே முன்னர் எடுத்துக்கொள்வார். ஒருவர் 1 கோடி ரூபாய் இட்டு 20 விழுக்காடு பங்கு பெற்றார் எனக் கொள்வோம். கம்பெனி 1½ கோடிக்கு விற்கப்படின், 80 விழுக்காடாகிய 1 கோடியே 20 லட்சம் நிறுவினோர்க்கு வருமெனத் தோன்றும். முன்னுரிமை ஒருமடங்காயின் 50 லட்சமே எஞ்சும். 'எஞ்சியதிலும் பங்குண்டு' என்னுந் தொடர் சேரின் 40 லட்சமாகும். இருமடங்காயின் ஒன்றும் எஞ்சாது. ஒரு சொல்லின் விலை இத்துணை!

மூன்றாவது, ஒப்பந்தத்தில் உள்ளவை கம்பெனி விதிகளிலும் உளவோ என்று நோக்கல் வேண்டும். குடும்பக் கம்பெனி ஒன்றின் 50 பங்குகளை இரு கிளையினர் சரிபாதியாக வைத்திருந்தனர். பங்கை விற்பவர் முதலில் தம் கிளையார்க்கே தரல் வேண்டுமென 1951-இல் உடன்படிக்கை உண்டென்று பின்னர் வழக்கெழுந்தது. கம்பெனி விதிகளில் இல்லாத அத்தடை, கம்பெனியையும் பங்குதாரரையும் கட்டுப்படுத்தாதென உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. ரங்கராஜ் – கோபாலகிருஷ்ணன் வழக்கு என்பது அதன் பெயர். ஆதலின் வழக்கறிஞர் இத்தகைய நிபந்தனைகளை விதிகளிலும் சேர்த்தெழுதுவர்.

தமையனாரின் வரைவில் 'இருமடங்கு' என்றே இருந்தது. அவர் கையெழுத்திடாது ஒரு வழக்கறிஞரை நாடினார். பேச்சு நடந்து, அஃது 'ஒருமடங்கு' எனத் திருந்திற்று. வரைவாவது திருத்துதற்குரியது. விளங்காத சொல்லைக் கேட்க நாணுவோர், பின்னர் அதன் விலையைக் கொடுக்க நேரும். மாணவ நண்பர்கள் இதனை மறவாதிருப்பாராக.